3-12 என்று எழுதினால் போதாது: பகடைக் குறியீட்டுக்குள் இருக்கும் நிகழ்தகவு

ஓர் அரக்கனின் அடி எவ்வளவு காயம் தரும் என்பதை டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர ஆட்டத்தின் பழைய நூல்கள் இரண்டு எண்களுக்கு நடுவே ஒரு கோடு போட்டுச் சொல்லிவந்தன. 1977ல் வந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’ முழுக்க இதே வழக்கம்தான். 1-8 என்றிருந்தால் எட்டு முகப் பகடை ஒன்றை உருட்ட வேண்டும். 2-16 என்றிருந்தால் அதே பகடை இரண்டு. சரி, 3-12 என்றிருந்தால்? நான்கு முகப் பகடை மூன்றை உருட்டிக் கூட்டினாலும் விடை 3க்கும் 12க்கும் இடையில் வரும். பத்து வரை காட்டும் ஒரே பகடையை உருட்டி அதோடு இரண்டைக் கூட்டினாலும் அதே எல்லைக்குள்தான் வரும்.

இரண்டிலும் சராசரி 7.5. சிறிய எண், பெரிய எண், சராசரி மூன்றும் ஒத்துப்போகும்போது எதை உருட்டினால் என்ன என்று தோன்றலாம். அடி வாங்கும் கதாபாத்திரத்தின் பக்கம் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஒற்றைப் பகடையில் 12 விழும் வாய்ப்பு பத்தில் ஒன்று. மூன்று பகடையில் அது 64ல் ஒன்று, 1.6 சதவீதம்கூட இல்லை. சரியாக 12 உயிர்ப்புள்ளியோடு நிற்கும் வீரன் ஒற்றைப் பகடை அரக்கனிடம் ஒரே அடியில் விழக்கூடும். மூன்று பகடை அரக்கனிடம், முதல் அடியைத் தாங்கிவிட்டு ஓடிவிடலாம் என்று ஓரளவு தைரியமாகவே கணக்குப் போடலாம்.

எல்லையை மட்டும் எழுதும்போது காணாமல்போகும் இந்தத் தகவலைத்தான் 3டி4 (நான்கு முகப் பகடை மூன்று), 1டி10+2 (பத்து முகப் பகடை ஒன்று, கூட்டல் இரண்டு) என்ற எழுத்துமுறை காப்பாற்றுகிறது. இதை வெறும் சுருக்கெழுத்தாகப் பார்ப்பவர்கள் அதன் பாதிப் பயனை இழக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எந்த எண் எத்தனை முறைக்கு ஒருமுறை வரும் என்ற முழுக் கணக்கும் அந்த நான்கைந்து எழுத்துக்குள் இருக்கிறது. திறமைக்கு எவ்வளவு இடம், அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு இடம் என்பதை விதிநூலின் வர்ணனைகளைவிட அந்தக் குறியீடு நேர்மையாகச் சொல்லிவிடும்.

பழகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச்சாலேயே ஆடும் ஆட்டம். ஒருவர் கேம் மாஸ்டர். உலகத்தையும் எதிரிகளையும் அவர் பார்த்துக்கொள்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். ஒரு செயலின் முடிவு உறுதியில்லை என்னும்போது பகடை உருளும். குறியீட்டில் டி என்ற எழுத்துக்கு முன்னால் நிற்பது எத்தனை பகடை என்பது. பின்னால் நிற்பது ஒவ்வொன்றுக்கும் எத்தனை முகம் என்பது. 2டி6+3 என்றால் ஆறு முகப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டி, மேலும் மூன்றைச் சேர்க்க வேண்டும்.

எளிதுதான், ஆனால் அந்த வரிசையில் ஒரு பெருக்கல் குறி இடம் மாறினால் ஆட்டமே மாறும். 1974ல் வந்த முதல் பதிப்பில் ஒவ்வொரு கதாபாத்திரமும் 3டி6×10 பொற்காசோடு தொடங்கும். அதாவது 30 முதல் 180 வரை. 30டி6 உருட்டினாலும் 30 முதல் 180 வரைதான். சராசரியும் அதே 105தான். ஆனால் 3டி6×10ல் 150 அல்லது அதற்கு மேல் கிடைக்க 9 சதவீதத்துக்குச் சற்று அதிகமான வாய்ப்பு உண்டு. முப்பது பகடையைக் கூட்டும்போது கிட்டத்தட்ட எல்லாரும் நூறை ஒட்டியே வந்து நிற்பார்கள். 150ஐத் தொடுபவரை வாழ்நாள் முழுக்க ஆடினாலும் பார்க்க முடியாது. பணக்காரக் கதாபாத்திரமும் ஓட்டாண்டிக் கதாபாத்திரமும் ஒரே குழுவில் சேர்வது அந்தப் பெருக்கல் குறியால்தான்.

பகடைகள் வந்த வழி

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து டிஎஸ்ஆர் நிறுவனம் அதை வெளியிட்டது. நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகம் கொண்ட ஐந்து பகடைகளை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பள்ளிகளில் கணிதம் கற்பிக்கும் உபகரணமாக அவை ஏற்கெனவே விற்பனையில் இருந்தன. முகங்கள் அனைத்தும் ஒரே ஒழுங்குப் பலகோணமாகவும், ஒவ்வொரு மூலையிலும் ஒரே எண்ணிக்கையில் முகங்கள் சேர்வதாகவும் அமையும் குவிந்த திண்மங்கள் ஐந்துதான் இருக்க முடியும் என்று பழைய கிரேக்கர்கள் நிறுவியிருந்தார்கள். அந்த ஐந்தும்தான் இந்தத் தொகுப்பு. இருபது முகப் பகடையும் மிகப் பழையதுதான். எகிப்தை டாலமி வம்சத்தார் ஆண்ட காலத்தைச் சேர்ந்த, கிரேக்க எழுத்துகள் பொறித்த இருபது முகப் பகடைகள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அந்த ஐந்தில் பத்து முகப் பகடை இல்லை. அதனால் ஆரம்பத்தில் இருபது முகப் பகடையில் 0 முதல் 9 வரை இரண்டு முறை எண்ணிட்டிருந்தார்கள். பத்து வேண்டுமென்றால் அப்படியே உருட்டலாம். இருபது வேண்டுமென்றால் பாதி முகங்களுக்கு வேறு நிறத்தைப் பூசி, அந்த நிறம் விழுந்தால் பத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பட்டம் போன்ற முகங்கள் கொண்ட இன்றைய பத்து முகப் பகடை 1980 வாக்கில்தான் பரவியது.

டி எழுத்தைப் பயன்படுத்தும் குறியீடும் விதிநூலிலிருந்து பிறக்கவில்லை, ஆடியவர்களிடமிருந்து வந்தது. 1975ல் லீ கோல்ட் தொடங்கிய ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ என்ற ரசிகர் இதழின் முதல் இதழிலேயே இதைப் பற்றிய பேச்சு இருக்கிறது. ஒருவர் தன் வீட்டு மேசையில் செய்யும் விதியை வேறு ஊரில் இருப்பவருக்கு எழுதிக் காட்ட வேண்டும் என்ற தேவை வந்ததும் துல்லியமான எழுத்துமுறை தேவைப்பட்டிருக்கிறது. 1979ல் வந்த ‘டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு’ நூலில் கைகாக்ஸ் இந்தக் குறியீட்டையும், ஒற்றைப் பகடையின் சமமான பரவலுக்கும் பல பகடைகளின் மணி வடிவப் பரவலுக்கும் உள்ள வேறுபாட்டையும் தொடக்கத்திலேயே விளக்கிவிட்டார்.

கூட்டினால் ஏன் நடு பெருக்கிறது

தாயம் ஆடியவர்களுக்கு இது கையளவிலேயே தெரிந்த விஷயம். ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என்று நான்கு பக்கமுள்ள கட்டை இரண்டை உருட்டினால் 16 விதமாக விழும். அதில் மூன்று விழ நான்கு வழி உண்டு. தாயம் விழ இரண்டே வழி. ஆறுக்கு ஒரு வழி, பன்னிரண்டுக்கு ஒரு வழி. தாயம் போடாமல் காயை இறக்க முடியாது என்ற விதி ஏன் அத்தனை பேரைக் காக்க வைக்கிறது என்பதற்கு அந்த 16ல் 2தான் காரணம்.

ஆறு முகப் பகடை மூன்றுக்கு இந்தக் கணக்கை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கலிலியோ போட்டுவிட்டார். சூதாடிகளின் சந்தேகம் இது: மூன்று பகடையில் 9 வர ஆறு சேர்க்கைகள், 10 வரவும் ஆறு சேர்க்கைகள், அப்படியிருக்க 10 ஏன் சற்று அதிகமாக விழுகிறது? கலிலியோ சேர்க்கைகளை எண்ணுவதை விட்டுவிட்டு, பகடைகளைத் தனித்தனியாக வைத்து எண்ணினார். 1, 2, 6 என்ற சேர்க்கை ஆறு விதமாக விழ முடியும். 3, 3, 3 ஒரே விதமாகத்தான் விழும். அப்படிப் பார்த்தால் மொத்தம் 216 வழியில் 9க்கு 25, 10க்கு 27. இத்தனை நுண்ணிய வேறுபாட்டை வெறும் அனுபவத்தில் கண்டுபிடித்த அந்தச் சூதாடிகள் எத்தனை ஆயிரம் முறை உருட்டியிருப்பார்கள் என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

அதே 3டி6தான் 1974ல் கதாபாத்திரத்தின் வலிமை, அறிவு முதலிய ஆறு இயல்புகளைத் தீர்மானித்தது. 10க்கும் 11க்கும் ஆளுக்கு 12.5 சதவீதம். 18க்கு 216ல் ஒன்று. அதனால்தான் 18 உள்ள கதாபாத்திரம் மேசையில் பெரிய செய்தியானது. ஆறு இயல்புகளையும் உருட்டினால் ஒன்றிலாவது 18 வரும் வாய்ப்பு 2.7 சதவீதம்தான். நான்கு பகடையை உருட்டி ஆகச் சிறியதை விட்டுவிடும் முறை 1979 நூலில் வந்தது. அதில் ஓர் இயல்புக்கு 18 விழும் வாய்ப்பு 1296ல் 21. ஆறில் ஒன்றிலாவது விழ 9.3 சதவீதம். சராசரியும் 10.5லிருந்து 12.24க்கு ஏறுகிறது. சாதாரண மனிதர் தற்செயலாக வீரராவது பழைய முறை. புதிய முறையில் அவர் தொடக்கத்திலேயே ஊரில் உள்ளவர்களைவிட ஒரு படி மேலே. விதிநூலின் முன்னுரையை மாற்றாமல், ஒரு பகடையை மட்டும் கூட்டிக் கதையின் தன்மையையே மாற்றியிருக்கிறார்கள்.

ஒரு புள்ளியின் விலை

பலசாலி ஒருவனும் புத்தகப் புழு ஒருவரும் கை மடக்கிப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பலசாலிக்கு +5, மற்றவருக்குக் கூடுதல் ஏதுமில்லை. இருவரும் ஆளுக்கொரு டி20 உருட்டினால் புத்தகப் புழு 26.25 சதவீதம் வெல்வார். நான்கு முறைக்கு ஒருமுறைக்கும் மேல்! இருவரும் டி20க்குப் பதில் 3டி6 உருட்டினால் அது 9.65 சதவீதமாகச் சுருங்கிவிடும். டி20, 3டி6 இரண்டுக்கும் சராசரி ஒன்றேதான், 10.5. ஆனால் டி20யின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து விடைகள் வழக்கமாக எவ்வளவு விலகும் என்ற அளவு) 5.77, 3டி6ன் திட்ட விலக்கம் 2.96. ஒன்றில் ஐந்து புள்ளி என்பது வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குள் கரைந்துபோகும். மற்றொன்றில் அது மலை.

டி20 ஆட்டங்களில் திறமைசாலி அடிக்கடி சொதப்புகிறார் என்ற புலம்பல் எல்லா மேசையிலும் கேட்கும். ஆடுபவரின் துரதிர்ஷ்டம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஒற்றைப் பகடையின் சமப் பரவல் கேட்டு வாங்கிய விளைவு அது. போர்க்களத்தின் குழப்பத்துக்கு அது பொருந்துகிறது. ஒரே சண்டையில் முப்பது நாற்பது முறை உருட்டும்போது ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். பூட்டைத் திறப்பது, கை மடக்குவது போல ஒரே உருட்டலில் முடியும் செயல்களில்தான் அது உறுத்துகிறது.

டி20ல் ஒரு புள்ளி கூடினால் எப்போதும் ஐந்து சதவீதம் கூடும். எங்கிருந்து தொடங்கினாலும் அதே விலை. 1986ல் ஸ்டீவ் ஜாக்சன் வெளியிட்ட கர்ப்ஸ் ஆட்டம் வேறு வழியில் போனது. அதில் 3டி6 உருட்டி, உங்கள் திறன் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ வர வேண்டும். திறன் 10 என்றால் வெற்றி வாய்ப்பு 50 சதவீதம். 11 என்றால் 62.5. 12க்கு 74, 14க்கு 90.7, 16க்கு 98.1. பத்திலிருந்து பதினொன்றுக்கு ஏறும் படி 12.5 சதவீதம் தருகிறது. பதினைந்திலிருந்து பதினாறுக்கு ஏறினால் 3 சதவீதம்கூடக் கிடைப்பதில்லை. நிஜ வாழ்க்கையில் கற்றுக்கொள்வதும் ஏறக்குறைய இப்படித்தான் என்பதால் எனக்கு இந்த வளைவு பிடிக்கும். ஆனால் கேம் மாஸ்டருக்கு இதில் ஒரு பொறி உண்டு. ‘இருட்டாக இருக்கிறது, நான்கு குறைத்துக்கொள்’ என்று அவர் சொன்னால், 16 உள்ளவர் 98லிருந்து 74க்கு இறங்குவார். 12 உள்ளவரோ 74லிருந்து 26க்கு விழுந்துவிடுவார். அதே இருட்டு, அதே நான்கு. ஆனால் ஒருவருக்கு வெறும் தொந்தரவு, மற்றவருக்கு ஏறக்குறையக் கதவடைப்பு.

ஆயுதங்களிலும் இதே கதைதான். ஐந்தாம் பதிப்பு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பெருவாளுக்கு 2டி6, பெருங்கோடரிக்கு 1டி12. சராசரி 7, 6.5. அரைப் புள்ளிதானே வித்தியாசம் என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. வலிமையால் +3 பெற்ற வீரர் 7 உயிர்ப்புள்ளி உள்ள கோப்ளின் என்ற குட்டி அரக்கனை அடிக்கிறார் என்று பார்க்கலாம். பகடையில் நான்கோ மேலோ விழ வேண்டும். வாளால் அது 91.7 சதவீதம், கோடரியால் 75. அடி பட்ட பிறகும் நான்கில் ஒரு கோப்ளின் கோடரிக்குத் தப்பி நிற்கும். பதிலுக்கு, பன்னிரண்டு என்ற பேரடி கோடரியில் 12ல் ஒருமுறை விழும், வாளில் 36ல் ஒருமுறைதான். நிதானமானவருக்கு வாள், ஆர்ப்பாட்டமானவருக்குக் கோடரி. கதாபாத்திரத்தின் குணத்தைப் பகடையே நடித்துக் காட்டுகிறது. இந்தப் பதிப்பின் அரக்கர் குறிப்புகள் 59 (7டி10+21) என்பதுபோல் சராசரியையும் குறியீட்டையும் சேர்த்தே அச்சிடுகின்றன. அவசரத்துக்கு எண், விருப்பப்பட்டவருக்குப் பரவல், நல்ல ஏற்பாடு.

2014ல் வந்த அந்தப் பதிப்பு கொண்டுவந்த அட்வான்டேஜ் விதியும் இங்கே சேரும். சூழல் சாதகமாக இருந்தால் டி20ஐ இரண்டு முறை உருட்டிப் பெரியதை வைத்துக்கொள்ளலாம். ‘இது எத்தனை புள்ளிக்குச் சமம்?’ என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. 11 தேவைப்படும் இடத்தில் வாய்ப்பு 50லிருந்து 75க்கு ஏறுகிறது, ஐந்து புள்ளிக்குச் சமம். 20 விழுந்தால்தான் உண்டு என்னும் இடத்தில் 5லிருந்து 9.75க்குத்தான் போகும், ஒரு புள்ளியைக்கூட எட்டவில்லை. எட்ட முடியாததை எட்ட வைக்காது, எப்படியும் நடப்பதற்கும் பெரிதாக உதவாது. இழுபறியில்தான் அதன் பலம். கூட்டல் கழித்தல் பட்டியல்களை மேசையிலிருந்து அகற்றுவதற்காக வந்த இந்த விதி, சாதகமான சூழல் எப்போது உண்மையில் உதவும் என்பதையும் அழகாகப் பிடித்துவிட்டது.

நடுவில் ஒரு மூன்றாவது விடை

2010ல் வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் வெளியிட்ட ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ ஆட்டத்தின் குறியீடு 2டி6 கூட்டல் ஓர் இயல்பு. பத்தோ மேலோ வந்தால் முழு வெற்றி. ஏழு முதல் ஒன்பது வரை வந்தால் வெற்றிதான், ஆனால் ஏதாவது விலை கொடுக்க வேண்டும். ஆறோ கீழோ வந்தால் கேம் மாஸ்டர் நிலைமையை மோசமாக்குவார்.

கூடுதல் ஏதுமில்லாதவருக்கு 36 வழியில் 15 மோசம், 15 நடுத்தரம், 6 முழு வெற்றி. +1 உள்ளவருக்கு 10, 16, 10. +2 உள்ளவருக்கு 6, 15, 15. நடுவில் உள்ள எண்ணைப் பாருங்கள்: 15, 16, 15. திறமை கூடும்போது தோல்வி குறைகிறது, முழு வெற்றி கூடுகிறது. ஆனால் ‘கிடைக்கும், ஆனால்...’ என்ற பட்டை 40 சதவீதத்துக்கு மேல் அசையாமல் நிற்கிறது. கதையை முன்னே தள்ளுவது அந்தப் பட்டைதான். கதவு திறக்கும், ஆனால் சத்தம் கேட்டுக் காவலாளி வருவான். +3 ஆனதும் அது 12ஆகக் குறைந்து, முழு வெற்றி 21ஆக உயர்ந்து, ஆட்டத்தின் சூடு தணியத் தொடங்கும். 2டி6ன் மணி வடிவத்தின் உச்சியான ஏழு எங்கே உட்கார வேண்டும் என்று யோசித்துப் போட்ட எல்லைகள் இவை. இதை 1டி12 ஆக்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாப் பட்டைகளும் இடம் மாறிப்போகும் என்பதே பதில்.

கூடுதல் பகடை, கூடுதல் ஆபத்து

பகடைகளைக் கூட்டாமல், தனித்தனியாகப் பார்த்து எத்தனை பகடை வென்றது என்று எண்ணும் முறையும் உண்டு. 1989ல் ‘ஷேடோரன்’, 1991ல் ‘வாம்பயர்: தி மாஸ்கரேட்’ ஆகியவை இதைப் பரப்பின. திறமை கூடக்கூடக் கை நிறையப் பகடை என்பது உடலுக்கே புரியும் சந்தோஷம். ஆனால் கணக்கு சில இடங்களில் காலை வாரிவிடும்.

வாம்பயர் ஆட்டத்தின் தொடக்கப் பதிப்புகளில் பத்து முகப் பகடைகளை உருட்டி, கடின எண்ணை எட்டியவற்றை வெற்றியாக எண்ணுவார்கள். ஒன்று விழுந்தால் ஒரு வெற்றியை அழிக்கும். ஒன்றுகள் வெற்றிகளைவிட அதிகமானால் சாதாரணத் தோல்வி இல்லை, பெரும் விபரீதம். கடின எண் 10 என்று வையுங்கள். ஒரே பகடை உருட்டும் கற்றுக்குட்டிக்கு விபரீத வாய்ப்பு 10 சதவீதம். இரண்டு பகடை உள்ளவருக்கு? இரண்டும் ஒன்றாக விழ 1 சதவீதம். ஒரு பகடை ஒன்றாகவும் மற்றது 2 முதல் 9க்குள்ளும் விழ 16 சதவீதம். ஆக 17. கற்றவர் கற்றுக்குட்டியைவிட அதிகமாக விபரீதத்தில் மாட்டுகிறார்! எழுதியவர்கள் விரும்பிச் செய்ததாக இருக்க முடியாது. 2004ல் அதே குடும்பத்தில் வந்த புதிய ‘வேர்ல்ட் ஆஃப் டார்க்னஸ்’ விதிகள் வெற்றி எண்ணை 8 என்று நிலைநிறுத்தி, ஒன்று வெற்றியை அழிக்கும் வழக்கத்தையே எடுத்துவிட்டன.

பெரிய எண் விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்டும் ‘வெடிக்கும்’ பகடைகளிலும் இப்படி ஓர் ஓட்டை உண்டு. 2003ல் வந்த ‘சாவேஜ் வேர்ல்ட்ஸ்’ ஆட்டத்தில் திறமைக்கு ஏற்ப டி4, டி6, டி8 என்று பகடை பெரிதாகும். உச்ச எண் விழுந்தால் மீண்டும் உருட்டலாம். இலக்கு 6 என்றால் டி6 வைத்திருப்பவருக்கு 16.7 சதவீதம். டி4 வைத்திருப்பவர் முதலில் 4 போட வேண்டும், பிறகு 2 அல்லது மேல். கால் பங்கில் முக்கால் பங்கு, 18.75 சதவீதம். சிறிய பகடை முந்திவிட்டது. இலக்கு 8ல் டி6 இதேபோல் டி8ஐ முந்தும். பெரும்பாலான இலக்குகளில் பெரிய பகடையே மேல் என்பதாலும் வெடிக்கும் பகடையின் கொண்டாட்டம் அப்படிப்பட்டது என்பதாலும் ஆடுபவர்கள் இதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். நானும் பொறுத்துக்கொள்வேன். தெரிந்து பொறுத்துக்கொள்வது வேறு என்பதால் சொல்கிறேன்.

குறியீடும் சில இடங்களில் ஏமாற்றும். 1977ல் வந்த ‘டிராவலர்’ ஆட்டத்தில் பழக்கமான டி66 என்பதைப் பார்த்துவிட்டு 66 முகப் பகடையைத் தேட வேண்டாம். ஆறு முகப் பகடை இரண்டில் ஒன்றைப் பத்தாம் இடமாகவும் மற்றதை ஒன்றாம் இடமாகவும் படித்தால் 11 முதல் 66 வரை 36 விடைகள், எல்லாம் சம வாய்ப்பு. ஃபட்ஜ், ஃபேட் ஆட்டங்களின் 4டிஎஃப் என்பதில் எஃப் முகங்களின் எண்ணிக்கையே இல்லை. கூட்டல், கழித்தல், வெறுமை என்று இரண்டிரண்டு முகமுள்ள பகடை நான்கு. 81 வழியில் 19ல் விடை பூஜ்யம். ஒரு ஓரமான +4க்கு ஒரே வழி. ஆள் எவ்வளவு திறமையோ அவ்வளவே பெரும்பாலும் நடக்கும் என்று வாக்களிக்கும் பகடை இது. வெடிப்பு, சிறியதை விடுதல், மறு உருட்டல் எல்லாம் சேரும்போது கையால் எண்ணுவது கடினம். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் டோர்பன் மோகென்சன் இதற்காகவே ‘ட்ரோல்’ என்ற சிறு கணினி மொழியை உருவாக்கினார். எனிடைஸ் என்ற இணையக் கருவியில் எழுதிப் பார்ப்பவர்கள் இன்னும் அதிகம்.

எழுதப்படாத பெருக்கல்

எந்தக் குறியீட்டிலும் தெரியாத ஒன்று, எத்தனை முறை உருட்டச் சொல்கிறார்கள் என்பது. கேம் மாஸ்டர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

ஐந்து பேர் கொண்ட குழு காவலரைத் தாண்டி மறைந்து போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் 70 சதவீத வாய்ப்பு; தாராளமாகவே தெரிகிறது. ‘எல்லாரும் உருட்டுங்கள், ஒருவர் மாட்டினாலும் எல்லாரும் மாட்டினீர்கள்’ என்று சொன்னால் குழு தப்பும் வாய்ப்பு 0.7ஐ ஐந்து முறை பெருக்கியது: 16.8 சதவீதம். மறைந்து போவது இந்த மேசையில் பயனில்லாத வேலை என்று ஆடுபவர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டு வாளை உருவிவிடுவார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. ஆளுக்கு 30 சதவீதமே வாய்ப்புள்ள ரகசியக் கதவை ஐவரும் தனித்தனியாகத் தேடினால் யாராவது ஒருவர் கண்டுபிடிக்க 83.2 சதவீதம். கடினம் என்று நினைத்து வைத்த கதவு ஏறக்குறையத் திறந்தே கிடக்கிறது.

ஐந்தாம் பதிப்பின் குழுச் சோதனை விதி இதற்கு ஒரு மருந்து: பாதிப் பேராவது வென்றால் குழு வென்றது. ஐவரில் மூவர், ஆளுக்கு 70 என்றால் 83.7 சதவீதம். தனி ஆளின் வாய்ப்பைவிடக் குழுவின் வாய்ப்பு கூடுகிறது. திறமையானவர்கள் சொதப்பலானவர்களைக் கைப்பிடித்து அழைத்துப்போகிறார்கள் என்ற கதையோடும் அது ஒத்துப்போகிறது.

2017ல் ஜான் ஹார்ப்பர் வெளியிட்ட ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’ இதைவிடத் துணிச்சலானது. அங்கே ஆறு முகப் பகடைகளை உருட்டி ஆகப் பெரியதை மட்டும் படிப்பார்கள்: 6 முழு வெற்றி, 4ம் 5ம் விலையோடு வெற்றி, 1 முதல் 3 மோசம். மோசமாகும் வாய்ப்பு ஒரு பகடைக்கு 50, இரண்டுக்கு 25, மூன்றுக்கு 12.5 என்று ஒவ்வொரு பகடைக்கும் சரிபாதியாகிறது. பகடை கூடினால் ஆபத்து கூடும் விபத்துக்கு இடமே இல்லை. குழுவாகச் செய்யும்போது எல்லாரும் உருட்டுவார்கள், ஆகச் சிறந்த விடை எல்லாருக்கும் பொருந்தும். ஆளுக்கு இரண்டு பகடை உள்ள ஐவர் மொத்தமாக மோசமாவது 1024ல் ஒருமுறை. ஆனால் 1 முதல் 3 வரை போட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி மன அழுத்தம் தலைவர் கணக்கில் ஏறும். சராசரியாக ஒரு குழு முயற்சிக்கு 1.25 புள்ளி, தலைவரிடம் இருப்பது ஒன்பதே கட்டம். அடுத்த வேலைக்குத் தலைமை ஏற்பது யார் என்ற பேச்சு மேசையில் அங்கிருந்துதான் தொடங்கும்.